தள்ளிவைத்த கை

மீகஸ்தென்ன ரப்பர் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவில், வரிசை வீடுகளான லயங்களில், தர்மிளாவின் உத்தியோகம் என்னவென்று சரியாகச் சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை. பெற்ற தாய் மல்லிகாவுக்கே தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் வழக்கம் மல்லிகாவின் பரம்பரையிலேயே கிடையாது. ஆகவே கேட்டவர்களுக்குச் சொல்ல அவள் ஒரு விளக்கம் தயாராக வைத்திருந்தாள்.

"டொக்டருக்குக் கீழ, நர்சுக்கு மேல. கையில கரண்டு வச்சு, நரம்பு ஓடுதா நிக்குதான்னு பாக்குற வேல."

முன்பாதி நர்ஸ்மார் காதில் விழாதவரைக்கும் நல்லது. பின்பாதியில் பிழை சொல்ல முடியாது.

புளத்கொகுபிட்டியவில் பஸ் ஏறிப் போனால் வருகிற டவுனில் பெரிய ஆஸ்பத்திரி. அதன் கிளினிக் வராந்தா முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை. கொழும்பில் பயிற்சி முடித்த கையோடு தர்மிளா அங்கேதான் நரம்பு தசைப் பரிசோதனைத் தொழில்நுட்பவியலாளராகச் சேர்ந்திருந்தாள். அவ்வளவு நீளப் பட்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த நோயாளியின் முறை வந்துவிடும் என்பதால் எல்லோரும் அவளை "மிஸ்" என்றார்கள். பெருவிரல் மேட்டில் ஒரு சின்ன வில்லையை ஒட்டி, மணிக்கட்டில் ஒரு கருவியை வைத்து மெல்லிய மின்சாரத்தைத் தட்டிவிடுவாள். பெருவிரல் தானாகத் துள்ளும். திரையில் ஒரு கோடு எழும்பி விழும். அதே நரம்பை முழங்கையிலும் தட்டிப் பார்த்து, இடையிலுள்ள தூரத்தை அளந்தால், அதில் சேதி விநாடிக்கு எத்தனை மீற்றர் ஓடுகிறது என்று கணக்கு வந்துவிடும். விரல்களுக்கு வளையம் மாட்டி உணர்ச்சி நரம்பையும் அப்படியே பார்க்கலாம்.

சொல்வது சுலபம். கருவியை அரை விரல் தள்ளி வைத்தால் போதும், நல்ல நரம்பும் நோஞ்சானாகிவிடும். வேலையில் பாதி அளப்பது என்றால் மறுபாதி பேசுவது. "சின்னதா ஒரு சுண்டு சுண்டும், பயப்படாதீங்க" என்பதை அவள் தமிழிலும் சிங்களத்திலும் நாள் முழுக்கச் சொல்வாள். பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கூடத் தன் பெருவிரல் தன்னைக் கேட்காமல் துள்ளுவதைக் கண்டதும் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்புக்காகவே தர்மிளாவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

அந்த வருஷம் ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் வந்தது. புது மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட முடியாது. நல்ல கை எப்படி ஓடும் என்று தெரிந்தால்தானே கெட்ட கையைக் கண்டுபிடிக்கலாம்? "புத்தகத்தில் இருக்கிற அளவெல்லாம் வெளிநாட்டுக் கைகளுடையது. நம்முடைய மெஷினுக்கு நம்முடைய ஆட்களை வைத்தே அளவு எடுப்போம்" என்று நரம்பியல் டொக்டர் சிங்களத்தில் சொன்னார். நோய்நொடி இல்லாத ஆட்கள் வேண்டும், எல்லா வயதிலும் வேண்டும். இளவட்டங்களுக்குப் பஞ்சமில்லை. நர்ஸ் மாணவிகள், அலுவலகப் பொடியன்கள் என்று வரிசையாக வந்து துள்ளிவிட்டுப் போனார்கள். ஐம்பது தாண்டியவர்களைத் தேடும்போதுதான் வினை வந்தது.

"டவுன்ல அம்பது தாண்டின ஆள்ல சீனி இல்லாதவன் எங்க தங்கச்சி ஈக்கிற?" என்றார் மஷூர். அந்த அறையின் மூத்த தொழில்நுட்பவியலாளர், மாவனல்லைக்காரர். தர்மிளா அவரை, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, நானா என்றுதான் கூப்பிடுவாள். சீனி வியாதி நரம்பைக் கெடுக்கும் என்பதால் அது உள்ளவர்களை எடுக்க முடியாது. வந்தவர்களையெல்லாம் இரத்தம் சோதித்துத் திருப்பி அனுப்பி மஷூருக்கு அலுத்துப் போயிருந்தது.

"எங்க தோட்டத்துல இருக்காங்க. நான் கூட்டிட்டு வாறேன்" என்றாள் தர்மிளா.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். டொக்டர் நிமிர்ந்து பார்த்து, "அப்படியானால் அது உங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். சேர்ந்து சில மாதமேயான ஒருத்திக்குப் பொறுப்பு என்று ஒன்று கிடைப்பது சின்ன விஷயமில்லை. தர்மிளாவுக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன.

பயத்துக்குக் காரணம் இருந்தது. காட்டுப் பன்றிக்கு இழுத்த கரண்டுக் கம்பியில் மாடு செத்து விழுந்ததைக் கண்ணால் கண்ட சனம் அது. கையில் கரண்டு வைக்க வா என்றால் வந்துவிடுமா? முதலில் கேட்ட நாலு பேரும், "அதுக்கு வேற ஆளப் பாரு தாயி" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அப்போதுதான் மல்லிகா களத்தில் இறங்கினாள்.

மல்லிகாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவள் பால்வெட்டுக்காரி. ரப்பர் மரத்தின் பட்டையைக் கத்தியால் சீவுகிற வேலை, பார்க்க ஒன்றுமில்லாதது போலத் தெரியும். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலோடு போனால் சிரட்டையில் பால் விழாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள நூலிழையில் மல்லிகாவின் கை போகும். அவள் வெட்டிய மரத்தில் காயம் தேடினால் கண்தான் வலிக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை மேற்பார்வை பார்க்கும் தோட்டத்து ஐயா கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது அவளுடைய மரங்களைத்தான். அந்தக் கையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

விடிகாலையில் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில், பால் ஸ்டோரில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் மல்லிகா பேசினாள். "இனிமே இந்த ஜில்லாவுல எவரு கைய சோதிச்சாலும் நம்ம கையோட வச்சுத்தான் பாப்பாங்க. தொர போனாலும் சரி, மந்திரி போனாலும் சரி, அளவுகோலு நம்ம கைதான். பயந்தவங்க வீட்டுல கெடங்க. நான் போறேன்."

அதற்குப் பிறகு வீட்டில் கிடக்க யாருக்கு மனம் வரும்? பெயர் கொடுத்தவர்களில் வயது ஒத்துவந்தவர்களைத் தர்மிளா தோட்டத்து டிஸ்பென்சரியில் சீனி பார்க்கச் சொல்லிப் பொறுக்கியெடுத்தாள். ஐம்பது தாண்டியவர்களில் மல்லிகா கூப்பிடாமல் விட்டது ஒரே ஒருத்தியைத்தான். அது மேல் லயத்து வெள்ளையம்மா. ஒரு காலத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து மரங்களில் வெட்டி, ஒரே சோற்றைப் பகிர்ந்து தின்றவர்கள். ஒருநாள் பால் ஸ்டோரில் அத்தனை பேர் முன்னால் வெள்ளையம்மா, "மல்லிகா வாளியில பாதி தண்ணி" என்று சொல்லிவிட்டாள். மெட்ரோலாக் குழலைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். பால் சுத்தமாக இருந்தது. பால் தப்பியது, பேச்சு நின்றது. இன்றுவரை இருவரும் ஒருவர் நிழலை ஒருவர் மிதிப்பதில்லை.

டொக்டர் ஏற்பாடு செய்த வேன் வந்த சனிக்கிழமை விடியும்போதே மழை. மழை என்றால் பால்வெட்டு இல்லை. அதனால் சொன்னவர்கள் எல்லோரும் தலைக்கு எண்ணெய் தடவி, கலியாணச் சேலை கட்டி, ஒருவர் குறையாமல் வேனில் ஏறி வந்து இறங்கினார்கள். கிளினிக் வராந்தாவே தோட்டத்துத் திருவிழா மாதிரி ஆகிவிட்டது.

கீழ்க்கணக்கு ஆட்கள் எதையும் நிறுத்துப் பார்த்துப் பழகியவர்கள். முதலில் போன பெண் வெளியே வந்ததும், "எத்தன?" என்று கேட்டார்கள். ஐம்பத்துநாலு என்றாள் அவள். அவ்வளவுதான். பாலைக் கிலோக் கணக்கில் ஒப்பிடுகிற சனம் நரம்பை மட்டும் சும்மா விடுமா? அடுத்து வந்தவருக்கு ஐம்பத்தாறு. "அங்க பாரு, நோஞ்சான் மாதிரி இருந்துகிட்டு அம்பத்தாறு எடுத்துட்டான்" என்று வராந்தாவில் பேச்சு. ஐம்பதுக்கு மேலே போனால் எல்லாம் நல்ல கைதான், கூடக் குறைய ஒன்றுமில்லை என்று தர்மிளா வாசலில் வந்து நின்று விளக்கினாள். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மறுபடியும், "ஒனக்கு எத்தன?" என்றார்கள். டொக்டர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

ரப்பர் ஷீட் உருட்டுகிற ரோலர் வீட்டில் வேலை செய்யும் பழனியாண்டிதான் எல்லோரையும் மிஞ்சினார். கை குளிர்ந்திருந்தால் நரம்பு மெதுவாக ஓடும் என்று தர்மிளா ஒருத்தியின் கையைச் சுடுநீர்ப் பையில் வைத்துச் சூடாக்கியதை அவர் கவனித்துவிட்டார். சூட்டில் ஓடுகிற நரம்பு கொதிப்பில் பறக்கும் என்பது அவர் கணக்கு. தன் முறை வரும்வரை கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணீர் இருந்த பிளாஸ்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தர்மிளா வெப்பமானியை உள்ளங்கையில் வைத்ததும் மஷூர் எட்டிப் பார்த்து, "இது கையா, அடுப்பா?" என்று கேட்டார். கை ஆறும்வரை அவரை வெளியே உட்கார வைத்து, பிளாஸ்கை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, பிறகு அளந்தார்கள். ஐம்பத்தைந்து வந்தது. "பிளாஸ்க் இருந்திருந்தா அறுவது தாண்டியிருக்கும்" என்று அவர் கடைசிவரை முறையிட்டுக்கொண்டிருந்தார்.

மல்லிகா கடைசியாகத்தான் வந்தாள். நல்ல சரக்கு கடைசியில்தான் வரும் என்பது அவள் எண்ணம். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னாள். வராந்தாவில் இருந்தவர்கள் காது தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மற்றவர்களிடம் கேட்ட கேள்விகளைத் தர்மிளா அம்மாவிடமும் கேட்டாள். "கை மரத்துப் போறது, எரியிறது, சாமான் நழுவி விழுறது, இப்படி ஏதும் இருக்காம்மா?"

"மரத்த வெட்டுற கை மரக்குமா? போடி, வேலையப் பாரு" என்றாள் மல்லிகா. வராந்தாவில் சிரிப்பு.

விரல்களில் கறுத்துக் காய்ந்து கிடந்த ரப்பர் பாலைச் சுரண்டித் துடைத்து, ஸ்பிரிட் போட்டு, சுட்டுவிரலில் வளையங்களை மாட்டினாள் தர்மிளா. மணிக்கட்டில் தட்டினாள். கோடு எழும்பியது. கொஞ்சம் தாமதமாக, சோம்பலாக எழும்பியது. முப்பத்தெட்டு.

தன் பிழைதான் என்று நினைத்தாள். அப்படித்தான் நினைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். முதலில் உன்னைச் சந்தேகி, பிறகு மெஷினை, அதற்குப் பிறகு கையை. வெப்பமானியை வைத்தாள், சூடு சரியாக இருந்தது. தூரத்தை மறுபடி அளந்தாள். வளையத்தைக் கழற்றிப் புதிதாக மாட்டினாள். மறுபடியும் முப்பத்தெட்டு. அதே கையின் சுண்டுவிரலைப் பார்த்தாள். அதற்கு வேறு நரம்பு, வேறு வழி. அது ஐம்பத்தேழு என்று குதிரையாக ஓடியது. மோதிர விரலுக்கு இரண்டு நரம்பும் போகும், ஒரே ஊருக்கு இரண்டு ரோட்டால் பஸ் வருகிற மாதிரி. அங்கே ஒரு பஸ் நேரத்துக்கு வந்தது, மற்றது மணிக்கட்டைத் தாண்ட முடியாமல் தாமதித்து வந்தது.

"நானா, கொஞ்சம் பாருங்க" என்றாள்.

மஷூர் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து பார்த்தார். அவளுடைய வேலையில் ஏதாவது ஒரு நொட்டை சொல்லாமல் அவர் விட்டதே இல்லை. அன்றைக்குத் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சரியாத்தான் செஞ்சீக்கிறாய் தங்கச்சி. ஒரு பெசகும் இல்ல" என்று மெதுவாகச் சொன்னார். எத்தனையோ நாளாகக் கேட்க ஆசைப்பட்ட சொல். அன்று அது அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"எத்தனடி?" என்றாள் மல்லிகா.

"டொக்டர் சொல்லுவாங்கம்மா."

வேறு யாருக்கும் அவள் அப்படிச் சொல்லவில்லை. மல்லிகாவுக்கு அது போதும். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எல்லாம் வெளிய உக்காந்திருக்கு. நான் பேசுன பேச்சு ஒனக்குத் தெரியும். எனக்கு அரைப் பேராவது போடு தர்மிளா."

தோட்டத்தில் பாதி நாள் வேலைக்கு அரைப் பேர். முழு நாள் நின்று வெட்ட முடியாதவர்கள் கேட்பது அது. மல்லிகா தன் வாழ்நாளில் யாரிடமும் அரைப் பேர் கேட்டதில்லை. இந்த ஒரு இலக்கத்தைச் சேர்த்துவிட்டால் ஐம்பது தாண்டியவர்களின் தொகை சரியாகிவிடும். அம்மா தலை நிமிர்ந்து வேனில் ஏறுவாள். மஷூர் பார்த்துவிட்டார் என்பது ஒரு பக்கம். அவர் பார்க்காமல் இருந்திருந்தாலும் தன்னால் முடிந்திருக்காது என்பது அவளுக்கு அந்த நிமிஷத்தில் தெரிந்தது. அது அவளுக்கே புதுச் செய்தி.

"முடியாதும்மா. ஒங்க கைய நல்லதுன்னு சேத்தா, நாளைக்கு இதே நோவோட ஒரு பொம்பள வருவா. ஒங்க நம்பரோட வச்சுப் பாத்து, ஒனக்கு ஒன்னும் இல்ல, வீட்டுக்குப் போன்னு அனுப்பிருவோம். அவ எங்க போவா?"

மல்லிகா கையை இழுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

டொக்டர் அவளைத் தன் அறையில் உட்கார வைத்து, "அம்மே" என்று கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார். மணிக்கட்டில் நரம்பு போகிற இடுக்கு இறுகிவிட்டது, வருஷக்கணக்காகக் கத்தியைத் திருப்பியதால் வந்தது, நல்லவேளை நரம்பு செத்துப்போகுமுன் தெரிந்துவிட்டது, இரவில் மணிக்கட்டை அசையவிடாத பட்டை போட்டுக்கொண்டால் குறையும், குறையாவிட்டால் ஒரு சின்ன ஒப்பரேஷன். மல்லிகா நல்ல சிங்களத்தில், அடக்கமாகப் பதில் சொன்னாள். மகளை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வேன் புறப்பட்டபோது முன் சீற்றில் உட்கார்ந்து, பின்னால் கேட்கிற "எத்தன, எத்தன" என்ற குரல்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனாள்.

"ஒருவர்தான் குறைகிறார். வருகிற வாரத்துக்குள் கிடைத்தால் நோயாளிகளுக்குத் தேதி கொடுக்கத் தொடங்கிவிடலாம்" என்றார் டொக்டர். கிடைக்கும் என்று சொல்ல இந்த முறை தர்மிளாவுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் டவுனில் தங்கியிருந்த இடத்திலிருந்து தோட்டத்து வீட்டுக்குப் போனாள். மல்லிகா வலது மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டு இடது கையால் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இரவுக்குக் கொடுத்ததைப் பகலிலும் கட்டியிருந்தாள், பாதி மருந்துக்கு, பாதி மகள் பார்க்கட்டும் என்று. பேச்சு முழுக்க அடுப்படிக்கு வந்த கோழியோடுதான் நடந்தது. "சில பேருக்குப் படிப்பு கூடிப்போச்சு. பெத்தவ கை புடிக்கல" என்று கோழியிடம் முறையிட்டாள். கோழி ஒன்றும் சொல்லவில்லை. தர்மிளா மாவை வாங்கித் தானே பிசையத் தொடங்கினாள்.

ரொட்டி கல்லில் வெந்துகொண்டிருந்தபோது மல்லிகா கோழியை விட்டுவிட்டு நேரே பேசினாள். "ராவு தூங்குனேன்."

"என்னா?"

"நேத்து ராவு கை எரியல. எத்தனையோ நாளைக்குப் பொறகு விடிய விடியத் தூங்குனேன்."

"முன்னயே ஏம்மா சொல்லல?"

"சொன்னா புல்லு வெட்டுக்கு அனுப்புவாங்க. வெட்டுக்காரி மல்லிகா புல்லு வெட்டுறான்னு போறவன் வாறவனெல்லாம் பாப்பான்." ரொட்டியைப் புரட்டினாள். "அங்க இன்னும் ஆளு வேணுமா?"

"ஒராளு. இந்தக் கெழமைக்குள்ள."

மல்லிகா ஒவ்வொரு லயமாக மனதுக்குள் நடந்து பார்த்தாள். ஒருவருக்கு வயது போதாது, ஒருவருக்குச் சீனி, ஒருவர் குடிகாரர். நடந்து நடந்து போய் நின்ற இடம் இருவருக்கும் தெரிந்தது. மல்லிகா அடுப்பைத் தணித்தாள். உள்ளே போய் நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். "வா" என்றாள்.

மேல் லயத்துக்கு ஏறுகிற படிகளில் அவள் மகளுக்கு முன்னால் போனாள். வெள்ளையம்மா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இவர்கள் வருவதைக் கண்டும் காணாததுபோல முறத்தைத் தட்டினாள்.

"அக்கா" என்றாள் மல்லிகா.

"இங்க எந்த அக்காவத் தேடி வந்த?"

"ஒன்னத்தான். தர்மிளாவுக்கு ஒரு கை கொறையுது."

"ஒங்கையி இருக்கே. அளவுகோலுன்னு தோட்டம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச கையி."

"அது ஆகாதுன்னு தள்ளிட்டா."

முறம் நின்றது. வெள்ளையம்மா மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தாள், பிறகு தர்மிளாவைப் பார்த்தாள். அக்கம்பக்கத்து வாசல்களில் ஒவ்வொரு தலையாக முளைத்தது. அந்தச் சேதி இன்னும் மேல் லயத்துக்கு ஏறவில்லை போலிருக்கிறது. அதைத் தானே சுமந்துகொண்டு வந்து, எந்த வாசலில் இறக்கக்கூடாதோ அந்த வாசலில் மல்லிகா இறக்கிவிட்டாள். தர்மிளாவுக்கு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

"எனக்குச் சீனி கீனி ஒன்னும் இல்ல. கையும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் வெள்ளையம்மா, சற்றுத் தயங்கி. "ஆனா நான் ஒருகாலம் ஒன்னப் பேசுனவ. அத மனசுல வச்சுக்கிட்டு ஒம் மக எங்கைய கொறச்சுச் சொல்லிட்டா நான் யாருகிட்டப் போயி கேக்குறது?"

மல்லிகா நிமிர்ந்தாள். அவள் குரல் ஏறியது. பெரட்டுக் களத்தில் அளவுகோல் என்று பேசியபோது இருந்த அதே குரல், நாலு வாசல் தள்ளியும் கேட்கிற குரல்.

"பெத்தவ நான் கெஞ்சிக் கேட்டேன். எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க, மானம் போவுது, எங்கையையும் சேத்துக்கன்னு கேட்டேன். முடியாதுன்னுட்டா. அம்மான்னு பாக்கல. எனக்காக பொய் சொல்லாதவ ஒன்னக் கெடுக்கவா பொய் சொல்லப் போறா? ஒங்கைய நல்லதுன்னு அவ சொன்னா நல்லது. கொறன்னு சொன்னா கொற. அவ அப்படி. எம் புள்ள அப்படி."

தர்மிளா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் வெட்கம் மருந்துக்கும் இல்லை. பெருமையடித்துக்கொண்டிருந்தாள். தன் கை தோற்றதை இத்தனை வாசலுக்கும் கேட்க உரக்கச் சொல்லி, அதைக்கொண்டே மகளை உயர்த்திக்கொண்டிருந்தாள். மஷூரின் பாராட்டு குத்திய இடத்தில் இப்போது வலி இல்லை. பட்டம், நியமனக் கடிதம், வெள்ளைக் கோட்டு எதுவும் தராத ஒரு நிமிர்வு அந்த வாசலில் தர்மிளாவுக்கு வந்தது. கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

வெள்ளையம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"எத்தன மணி பஸ்ஸும்மா?" என்று தர்மிளாவிடம் கேட்டாள்.

"வெள்ளன பஸ்ஸு, பெரியம்மா. நாளைக்கே போகலாம்."

"நானும் வாறேன்" என்றாள் மல்லிகா.

"நீ எதுக்கு?"

"ஒனக்கு எத்தன வந்துச்சுன்னு தோட்டத்துல வந்து சொல்ல ஆளு வேணாமா?"